கவியரசன் போட்ட பூஜ்யம்

பெங்களூர் பொம்மசந்திராவில் தண்ணீர் பம்புகளுக்கு இரும்பு வார்ப்பு செய்யும் ஒரு கம்பெனியில் கவியரசன் இருபத்திரண்டு வருஷமாகக் கடைசிச் சோதனை பார்க்கிறார். வேலை சொல்வதற்குச் சுலபம். வார்ப்பைக் கையில் எடுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். ஊசித்துளை, மணல் குழி, மயிரிழை விரிசல் என்று எத்தனை குறை இருக்கிறதோ அத்தனையையும் எண்ணி ஒரு கட்டத்தில் எழுத வேண்டும். எண் கூடினால் சாமான் மறுபடி உலைக்குப் போகும். பூஜ்யம் என்று எழுதினால் நேரே லாரியேறும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் மனுஷன்.

இப்படிப்பட்டவரைத்தான் ஒரு ஜெர்மன் இசைநாடகத்துக்கு மார்க் போடக் கூட்டிக்கொண்டு போனார்கள். தலையெழுத்து என்பதைத் தவிர வேறென்ன சொல்ல.

கன்டோன்மென்ட் பக்கம் மேலை இசை ரசனை மதிப்பீட்டு மன்றம் என்று ஒன்று இருக்கிறது. ஆரம்பித்து முப்பத்தொரு வருஷம் ஆகிறது. இதுவரை ஒரு கச்சேரி நடத்தியதில்லை, ஒரு பிள்ளைக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்ததில்லை. மதிப்பிடுவது ஒன்றுதான் அதன் வேலை. இந்த வருஷம் அது மதிப்பிட எடுத்துக்கொண்டது ஒரு பழைய ஜெர்மன் ரொமான்டிக் இசைநாடகம். காடு, காதல், கானகத்துப் பூதம் எல்லாம் அதில் உண்டு. பெங்களூரில் எந்தக் குழு வேண்டுமானாலும் அதை மேடையேற்றி, படம்பிடித்து அனுப்பலாம். மேடைக்கே வந்து பார்த்தால் என்ன என்று ஒருவர் கேட்டதற்கு, போகிற இடத்திலெல்லாம் நடுவர்களுக்குப் பார்க்கிங் கிடைப்பதில்லை என்று பதில் வந்தது.

பரிசு என்று காசு கிடையாது. ஜெயிக்கிற படத்தை ஒருநாள் சாயங்காலம் மன்றத்தின் எழுநூறு பேர் ஹாலில், பெரிய திரையில், நல்ல ஒலியோடு போட்டுக் காட்டுவார்கள். அவ்வளவுதான்.

நடுவர் குழுவில் பொதுமக்கள் பிரதிநிதி ஒருவர் இருக்க வேண்டும் என்பது மன்றத்தின் விதி. அவர் ஜென்மத்தில் இசைநாடகமே பார்த்திராதவராக இருக்க வேண்டும் என்பது உபவிதி. கவியரசனின் கம்பெனி மன்றத்துக்கு நாற்காலி வாங்கிக் கொடுத்த கம்பெனி. ஒரு ஆளை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்ததும், பேரிலேயே கலை இருக்கிறதே என்று ஹெச்.ஆர். பெண் இவரை எழுதி அனுப்பிவிட்டாள். பார்த்ததில்லை என்பதற்குப் பத்திரத்தில் நோட்டரி கையெழுத்து வேறு வேண்டியிருந்தது. சந்தாபுராவில் நோட்டரி, இசைநாடகம் என்றால் என்னவென்று கேட்டார். தெரியாது சார், அதைத்தான் எழுதணும் என்றார் கவியரசன்.

மதிப்பீட்டுக்குக் குறித்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மன்றத்துக்குப் போனவருக்கு முதலில் ஒரு கறுப்புக் கோட்டு மாட்டினார்கள். நடுவர்கள் கோட்டுப் போட வேண்டும். இல்லாதவர்களுக்கென்று பீரோவில் பொதுக் கோட்டு ஒன்று தொங்கியது. பாச்சை உருண்டை வாசனை. கை அவர் விரல் நுனியையும் தாண்டித் தொங்கியது. அதை மடித்து விட்டுக்கொண்டு நின்றவரைத் தலைவர் சுப்ரமணியன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சுப்ரமணியனுக்கு எழுபத்தெட்டு வயசு. குடும்பம் மூன்று தலைமுறையாகப் பெங்களூர். இவர் மாநில அரசில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்றவர். 1984இல் சாக்கடைத் திட்டம் பார்க்க ஜெர்மனிக்குப் பதினோரு நாள் போய்வந்தார். அந்தப் பதினோரு நாள் இன்னும் முடியவில்லை.

"நோடி, பாருங்கோ கவியரசன்," என்றார். "ரசிக்கறதை யார் வேணாலும் பண்ணலாம். ஆட்டோக்காரன்கூட ரசிப்பான். மதிப்பிடறதுக்குத்தான் மன்றம் வேணும். ரசனை குறுக்க வந்தா மதிப்பீடு கெட்டுப்போயிடும். முப்பத்தொரு வருஷமா நாங்க அதைக் குறுக்க வர விட்டதில்லை."

கவியரசன் சரிங்க சார் என்றார். அவருக்கு அது ரொம்ப நியாயமாகக்கூடப் பட்டது. பட்டறையிலும் வார்ப்பைப் பார்த்து யாரும் ஆஹா என்று சொல்வதில்லை.

வந்திருந்த படங்கள் மூன்று. செயலாளர் ஸ்ரீலக்ஷ்மி கோப்பைப் பிரித்து ஒவ்வொரு குழுவின் விவரத்தையும் வாசித்தார். முதலாவது ஒரு இன்டர்நேஷனல் பள்ளிக்கூடம். இரண்டாவது ஒரு ஐ.டி. கம்பெனியின் கலைப்பிரிவு. மூன்றாவது தொம்மலூர் சர்ச் பாடகர் குழு. அதில் கதாநாயகியாகப் பாடியவள் ஐரின், வயது முப்பத்து நாலு, பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வரவேற்பாளர். படம்பிடித்து ஒரு மாசத்தில் அவளுக்குத் தொண்டையில் கட்டி என்று ஆபரேஷன் நடந்தது. அதில் நரம்பு போய்விட்டது. இப்போது காற்று மட்டும்தான் வருகிறது, குரல் இல்லை. விதி பன்னிரண்டின்படி ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கை மன்றத்தில் ஒப்படைத்துவிட்டு, மற்றப் பிரதிகளை எல்லாம் அழித்துவிட்டார்கள். மற்ற இரண்டு குழுவும் அழித்தோம் என்று எழுதிக் கொடுத்தன. இவர்கள் நிஜமாகவே அழித்தார்கள், பாவிகள். கைதட்டல் நடுவர்களைப் பாதிக்கும் என்ற விதியால் படம்பிடித்த அன்று ஹாலில் ஒரு ஆளையும் உட்கார விடவில்லை. அவள் பாடியதை அவள் ஜனங்களே கேட்டதில்லை. 'எங்கள் ஆட்கள் ஒரு தடவை பெரிய ஹாலில் உட்கார்ந்து கேட்டால் போதும்' என்று விண்ணப்பத்தின் அடியில் அவளே எழுதியிருந்தாள்.

இதை வாசித்து முடித்த ஸ்ரீலக்ஷ்மி, இந்த விவரங்கள் மதிப்பீட்டைப் பாதிக்கக்கூடும் என்பதால் நடுவர்கள் இவற்றை மறந்துவிட வேண்டும் என்று சொல்லி, ஆளுக்கொரு தாள் நீட்டினார். 'மேற்கண்டவற்றை நான் மறந்துவிட்டேன்' என்று அதில் அச்சடித்திருந்தது. மற்ற நடுவர்கள் மளமளவென்று கையெழுத்துப் போட்டார்கள். அவர்கள் முதலில் கேட்டிருந்தால்தானே மறப்பதற்கு. கவியரசனுக்கு மட்டும் பேனா ஓடவில்லை.

"இன்னும் மறக்கலையே மேடம்," என்றார்.

"கையெழுத்துப் போட்டுட்டு மறங்க. அவசரமில்லை."

போட்டார். மனசு கேட்கவில்லை, ஆனால் போட்டார்.

இன்னொரு விதியையும் ஸ்ரீலக்ஷ்மி நினைவூட்டினார். தோற்ற படங்கள் குழுவுக்கே திரும்பிப் போகும். எந்த நடுவராவது பூஜ்யம் போட்டால் மட்டும் அந்தப் படம் தகுதி இழக்கும். பிறகு அது யார் கையிலும் கிடைக்காதபடி மன்றத்தின் இரும்பு பீரோவில் நிரந்தரமாக வைத்துப் பூட்டப்படும். இதுவரை அப்படி ஒன்று நடந்ததில்லை. இதைச் சொன்ன நேரத்தில் கவியரசன் கோட்டின் கையைப் பத்தாவது தடவையாக மடித்துக்கொண்டிருந்தார். மறக்கச் சொன்ன பெண்ணையே நினைத்துக்கொண்டிருந்ததில் விதி காதில் ஏறவில்லை.

பிறகு பார்வை தொடங்கியது. காட்சி நடுவர்கள் இரண்டு பேர். கவனம் சிதறாமலிருக்க ஒலியை அணைத்துவிட்டுப் பார்ப்பார்கள். ஒலி நடுவர்கள் இரண்டு பேர். அவர்கள் பக்கத்து அறையில் டிவியைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துக் கேட்பார்கள். உச்சரிப்பு நடுவருக்குப் பாட்டு வரிகளை அச்சடித்துத் தபாலில் அனுப்பியாயிற்று. அவர் படித்துப் பார்த்து மார்க்கைத் தபாலிலேயே அனுப்பிவிட்டார். பாதியை மட்டும் பார்க்கிற அளவுக்குத் தேர்ச்சி இல்லாத ஒரே ஆள் பொதுமக்கள் பிரதிநிதி. அதனால் அவர் மட்டும் மூன்று படத்தையும் முழுசாக, பாட்டும் காட்சியுமாக, தனியறையில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டியிருந்தது.

பள்ளிக்கூடத்துப் படத்தில் மேலே டிரோன் பறந்தது. சோப்பு நுரையில் பனி கொட்டியது. கதாநாயகன் காதலியின் கையைப் பிடித்துக்கொண்டு காமிராவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தான். ஐ.டி. கம்பெனிப் படத்தில் கானகத்துப் பூதத்தின் கழுத்தில் அடையாள அட்டை ஆடிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்துவிட்டார்கள் போல. கவியரசனின் விரல்கள் தாமாகவே எண்ணிக்கொண்டிருந்தன.

மூன்றாவது படம் சர்ச் ஹாலில் எடுத்தது. தைலமரக் கிளைகளைக் கட்டிக் காடு செய்திருந்தார்கள். ஒரு பியானோ, இரண்டு வயலின், அவ்வளவுதான் வாத்தியம். கதையும் பெரிய கதை இல்லை. காட்டோரம் கரி சுடுபவனின் மகள் ஒருத்தி. அவளைக் கட்டிக்கப் போகிறவன் பூதத்தோடு பந்தயம் கட்டிக் காட்டுக்குள் போய்விடுகிறான். விடிகிற வரைக்கும் இவள் வெளியே நின்று அவன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் அவன் மரமாகி உள்ளேயே நின்றுவிடுவான். ஐரின் பழுப்புப் பாவாடையும் ஒற்றைச் சடையுமாக நின்று கூப்பிட்டாள். கவியரசனுக்கு ஜெர்மனில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் ஒரு ஆளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது எந்த பாஷையிலும் புரியும். கொரோனா வருஷத்தில் தம்பி ரகுவைத் தள்ளுவண்டியில் வைத்து ஆஸ்பத்திரிக்குள் கொண்டுபோனபோது, கேட்டுக்கு வெளியே நின்று இவரும் இப்படித்தான் கூப்பிட்டார். ரகு திரும்பிப் பார்க்கவில்லை. அப்புறம் வரவும் இல்லை.

திரையில் விடியப் போகிறது. அவள் கடைசித் தடவையாகக் கூப்பிட்டாள். குரல் மேலே ஏறிப்போய் நடுவில் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. ஒரு மூச்சு நின்று, மிச்சக் குரலை எடுத்துச் சின்னதாக மறுபடி கூப்பிட்டாள். கவியரசன் கோட்டின் கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நாலு வருஷமாக அழ முடியாமல் வைத்திருந்ததையெல்லாம் அங்கே உட்கார்ந்து அழுதார்.

அப்போது கதவு திறந்து ஸ்ரீலக்ஷ்மி ஒரு படிவத்தோடு வந்தார். நடுவர் அழுதால் உடனே அறிவிக்க வேண்டும். எத்தனையாவது நிமிஷம், எந்தக் கண், காரணம் சொந்தமா கலையா என்று மூன்று கேள்வி. நாற்பத்து நாலு, இரண்டும் என்று முதலிரண்டையும் எழுதினார். மூன்றாவதற்கு இரண்டும் ஒன்றுதானே மேடம் என்று கேட்டார். ஏதாவது ஒன்றைத்தான் டிக் பண்ண வேண்டும் என்றார் அந்தம்மாள். சொந்தம் என்று போட்டால் அந்தப் பெண்ணுக்கு இடைஞ்சலாகிவிடுமோ என்று பயந்து, கலை என்று டிக் செய்தார்.

கடைசியாக மதிப்பீட்டுத் தாள் வந்தது. மூன்று படத்தின் பேர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு காலிக் கட்டம். வேறு ஒன்றும் அதில் இல்லை.

"இதுல என்னா மேடம் எழுதணும்?"

"நம்பர்."

"எத்தினிக்கு எத்தினி?"

"அதைச் சொன்னா நான் உங்களை இன்ஃப்ளூயன்ஸ் பண்ணின மாதிரி ஆயிடும். உங்க வேலையில எப்படிப் பண்ணுவீங்களோ அப்படியே பண்ணுங்க."

அந்த வார்த்தை அவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா. காலையிலிருந்து கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போலிருந்த மனுஷனுக்குக் கடைசியில் தெரிந்த வேலை ஒன்று கையில் வந்தது. பள்ளிக்கூடத்துக்குப் பதினாலு. கம்பெனிக்கு ஒன்பது. மூன்றாவது கட்டத்துக்கு வந்ததும் பேனாவை மூடி வைத்துவிட்டு, படத்தை மனசுக்குள் தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டினார். விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். ஒரு துளை இல்லை, ஒரு விரிசல் இல்லை. பூஜ்யம் போட்டுக் கையெழுத்திட்டார். இருபத்திரண்டு வருஷத்தில் இத்தனை சந்தோஷமாக அவர் ஒரு பூஜ்யம் போட்டதில்லை.

அரை மணி கழித்து முடிவை வாசித்தார்கள். தொம்மலூர் படம், பொதுமக்கள் பிரதிநிதியின் பூஜ்யத்தால் தகுதி இழந்தது. அடுத்த நிலையிலிருந்த பள்ளிக்கூடம் முதல் பரிசு. கவியரசன் முகத்தில் ஈயாடவில்லை. பக்கத்திலிருந்தவரிடம் அப்படியென்றால் என்ன என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். எழுந்து ஸ்ரீலக்ஷ்மியின் மேஜைக்கு ஓடினார்.

"மேடம், அது கொறை எண்ணிக்கை மேடம். கொறையே இல்லைன்னு போட்டேன். எங்க வேலையில அப்பிடித்தான்."

ஸ்ரீலக்ஷ்மி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். "ரூல் நம்பரை மட்டும்தான் பார்க்கும். அர்த்தம் பார்க்கறதுக்கு இதுல இடமில்லை." பொல்லாத மனுஷி ஒன்றும் இல்லை, குரலைத் தாழ்த்தி வருத்தத்தோடுதான் சொன்னார்: "மத்த நடுவர்கள் எல்லாருமே அதுக்குத்தான் ஜாஸ்தி போட்டிருக்கா. நீங்க ஒண்ணு போட்டிருந்தாக்கூட அதுதான் ஃபர்ஸ்ட்."

திருத்த வழியே இல்லையா என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வழி இருந்தது. படத்தை முழுசாகப் பார்த்த வேறொரு நடுவர், இது குறையில்லாத படம் என்று சாட்சி சொல்ல வேண்டும். கவியரசன் ஒவ்வொருவரிடமாகப் போனார். காட்சி நடுவர், அந்தப் பெண் வாயை அழகாகத் திறந்தாள், அதுவரை சாட்சி சொல்லலாம் என்றார். ஒலி நடுவர், நல்ல குரல்தான், ஆனால் அது யாருடையது என்று தன்னால் எப்படிச் சொல்ல முடியும் என்றார். உச்சரிப்பு நடுவர் மைசூரில் இருந்தார். முழுசாகப் பார்த்தவர் அந்தக் கட்டடத்தில் கவியரசன் ஒருவர்தான். தன் தப்புக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது என்று விதி இருந்தது.

இதற்குள் சுப்ரமணியன் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"முப்பத்தொரு வருஷத்துல எங்கள்ல ஒருத்தருக்கும் ஜீரோ போடற தைரியம் வரலை," என்றார். "நான் ஜெர்மனில இருந்தப்போ பார்த்தது இந்தக் கண்டிப்பைத்தான். இன்னிக்கு ஒரு சாமானியர் அதை நமக்குக் காட்டியிருக்கார். ஜனங்களோட தரம் உசந்துடுத்து, அதுக்கு மன்றம்தான் காரணம். அந்தப் பொண்ணு நன்னாக்கூடப் பாடியிருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் கேக்கலை. கேட்டிருந்தா ஒருவேளை மனசு இளகியிருக்கும். அதனாலதான் தலைவர் கேக்கப்படாதுன்னு வெச்சிருக்கோம்."

எல்லாரும் கைதட்டினார்கள். கவியரசனை மேடைக்கு அழைத்து, கறுப்புக் கோட்டின் மேலேயே ஒரு சால்வையைப் போர்த்தினார்கள். சார், அது அப்பிடி இல்ல சார் என்று அவர் சொன்னது கைதட்டலில் கேட்கவில்லை. போட்டோ எடுப்பவர் தலையை நிமிர்த்தச் சொன்னார். நிமிர்த்தினார். மேடையிலிருந்து பார்த்தால் பீரோ தெரிந்தது. ஸ்ரீலக்ஷ்மி ஹார்ட் டிஸ்கை உள்ளே வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பத்து மணி வாக்கில் கவியரசன் தொம்மலூரில் இறங்கி, சர்ச்சில் விசாரித்து, ஐரின் வீட்டைக் கண்டுபிடித்தார். இரண்டு கண்ணாடிக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்தவள் அவள் அம்மா பவுலின். மன்றத்திலிருந்து வருகிறேன் என்றதும் அந்தம்மாள் முகம் மலர்ந்துபோய், உள்ளே உட்கார வைத்து, பெண்ணைக் கூப்பிட்டுவிட்டுக் காபி போடப் போனாள். அந்த மலர்ச்சியைப் பார்த்ததும் கவியரசனுக்குத் திரும்பி ஓடிவிடலாமா என்று இருந்தது.

ஐரின் வந்து எதிரே உட்கார்ந்தாள். கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். பஸ்ஸில் மூன்று தடவை ஒத்திகை பார்த்து வந்ததை எல்லாம் கவியரசன் ஒரே மூச்சில் கொட்டினார். பூஜ்யம் போட்டது தான்தான் என்று சொன்னார். பட்டறையில் பூஜ்யம் என்றால் என்ன என்று சொன்னார். படம் பீரோவுக்குள் போய்விட்டது, வெளியே வராது என்று சொன்னார். யார் மேலேயும் பழி போட வரவில்லை, தப்பு என்னுதும்மா என்றார். முதல் பரிசு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது என்பதை மட்டும் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவளுக்குக் கண் நிறைந்தது, துடைத்துக்கொண்டாள். அப்புறம் முன்னால் சாய்ந்து காற்றுக் குரலில் கேட்டாள். அவரும் சாய்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது.

"முழுசாக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேம்மா. கடைசியா கூப்புட்ட பாரு, கொரலு கிழிஞ்சு, நின்னு, மறுபடி கூப்புட்ட பாரு. அங்க அழுதுட்டேன்."

ஐரின் அவரையே பார்த்தாள்.

"அது நடிப்பு இல்ல சார்," என்றாள். "அங்க சொரம் மேல போய் அப்படியே நிக்கணும். ஒடையக் கூடாது. அன்னைக்குத்தான் மொத மொத தொண்டை என்னைக் கைவிட்டுச்சு. திருப்பி ஏழெட்டு வாட்டி எடுத்தோம், அந்த அளவுகூட வரல. வேற வழியில்லாம அதையே விட்டுட்டோம். பெரிய பெரிய ஆளுங்க கேக்குறாங்க, கண்டுபுடிச்சிருவாங்கன்னு பயந்துகிட்டே இருந்தேன்."

கவியரசன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வேற எங்கியாச்சும் கொறை இருக்குதாம்மா?"

அவள் யோசித்தாள். மனசுக்குள் முழுசையும் ஒரு தடவை பாடிப் பார்த்திருக்க வேண்டும்.

"இல்ல சார். மத்ததெல்லாம் சரியாத்தான் பாடுனேன். அந்த ஒண்ணுதான்."

பவுலின் காபியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, ஆறிடப்போகுது சார் என்றாள்.

"அப்ப நானு ஒண்ணுன்னு போட்டிருக்கணும்மா," என்றார் கவியரசன்.

ஐரினுக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தேற்றுகிற மாதிரிச் சொன்னாள்:

"விடுங்க சார். ஒண்ணு போட்டிருந்தா மட்டும் என்னா ஆயிருக்கப் போகுது?"

கவியரசன் டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தார்.